கழஞ்சு, வராகன், பவுன்

காவிரித் தீவு – வரலாற்றுத் தொடர் – 17

சென்ற இதழில் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியனை ஸ்ரீரங்கம் கோயில் விமானத்தின் நிழலில் விட்டுவிட்டு வந்தோம். 1251-இல் பட்டத்துக்கு வந்தவன். விமானத்துக்குப் பொன் வேய்ந்தவன். கடக நாட்டு அரசனின் கருவூலத்திலிருந்து கொண்டுவந்த மரகத மாலையை அரங்கனுக்குச் சாத்தியதாக அவனுடைய வடமொழிக் கல்வெட்டே சொல்கிறது. கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு இன்னும் ஒரு படி மேலே போகும். காவிரியில் இரண்டு படகுகளை நிறுத்தினானாம். ஒன்றில் தன் யானையை ஏற்றி, அதன்மேல் தானும் அமர்ந்தான். அந்தப் படகு தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்ததோ அவ்வளவு மற்றப் படகும் அமிழும்வரை பொன்னையும் மணியையும் கொட்டி, அத்தனையையும் கோயிலுக்குக் கொடுத்துவிட்டான்.

இப்படி அள்ளிக் கொடுத்தவன் தன் பெயரில் பொற்காசு அடித்துக் குவித்திருப்பான் என்றுதானே நினைப்போம்? நாணயவியலார் அவனுடையவை என்று காட்டுபவை பெரும்பாலும் செம்புக் காசுகள். ‘எல்லாந்தலையானான்’ என்று பொறித்த சின்னஞ்சிறு செம்புக் காசுகள். பொன் கோயில் கூரைக்குப் போயிற்று. சந்தையில் செம்பு புழங்கியது.

இந்த ஸ்ரீரங்கத் தீவில் பொன்னின் மதிப்பு அரசன் தலையையோ பெயரையோ நம்பி நின்றதில்லை. எடை என்ன, மாற்று என்ன என்ற இரண்டு கேள்விகளில்தான் நின்றது. முத்திரை அவற்றுக்குப் பின்னால் வந்தது. ஆயிரம் ஆண்டுக் கதையை அந்தக் கோணத்திலிருந்தே இந்த இதழில் பார்க்கப் போகிறோம். இந்திய அரசு 2015-இல் அசோகச் சக்கரம் பொறித்து வெளியிட்ட தங்கக் காசுவரை அது நீள்கிறது.

முதலில் எடை. ஸ்ரீரங்கத்தில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. அவற்றிலும் சுற்றுவட்டாரக் கோயில் கல்வெட்டுகளிலும் விளக்கெரிக்க, திருவமுது படைக்க, நந்தவனம் வைக்க என்று பொன் கொடுத்த செய்திகள் ஏராளம். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இன்றைய கணக்கில் ஒரு கழஞ்சு நாலரை கிராமுக்கும் ஐந்தேகால் கிராமுக்கும் இடையில் வரும். ஏன் இந்த இழுபறி என்றால், நிறுக்கிற கல் இடத்துக்கு இடம் வேறுபட்டது. அதனால்தான் கல்வெட்டு எழுதியவர்கள் எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் விடாமல் குறித்தார்கள். குடிஞைக்கல், விடேல்விடுகு கல், தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடவல்லான் கல் என்று கல்லுக்குப் பெயரே உண்டு.

அடுத்து மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் வாய் நிறையச் சொல்கிறோமே, அந்தக் கணக்குத்தான். கலப்பே இல்லாத பொன் பத்தரை மாற்று. இன்றைய 22 காரட்டை அந்த அளவில் சொன்னால் ஒன்பதரை மாற்றுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இதைக் கண்டறியச் சோழர் காலத்தில் தண்டவாணி என்ற ஊசி இருந்தது. குறிப்பிட்ட மாற்றுள்ள பொன்னால் செய்து அரசு ஏற்றுக்கொண்ட அளவு ஊசி அது. உரைகல்லில் தண்டவாணியால் ஒரு கோடு இழுப்பார்கள். சோதிக்க வேண்டிய பொன்னால் பக்கத்திலேயே இன்னொரு கோடு. இரண்டு கோட்டின் நிறத்தையும் ஒப்பிட்டு, தண்டவாணிக்குக் கால் மாற்றுக் குறைவு, அரை மாற்றுக் குறைவு என்று தீர்ப்புச் சொல்வார்கள். அது அப்படியே கல்வெட்டிலும் ஏறும். இன்று நகைக்கடையில் 916 என்ற ஹால்மார்க் செய்கிற வேலையை அன்று ஒரு ஊசியும் ஒரு கருங்கல்லும் செய்தன. சோதனை ஊரார் கண்ணெதிரே நடந்தது. நம்பிக்கை அங்கே பிறந்தது.

முத்திரைக்கு இந்த மண்ணில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பதற்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டைப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் ரோமப் பேரரசன் தலைமேல் உளியால் ஆழமாக ஒரு வெட்டு. காசாக மறுபடி புழங்கக்கூடாது, பொன்னாக மட்டும் இருக்க வேண்டும் என்று வெட்டியிருக்கிறார்கள் என்பது அறிஞர் கருத்து. அகஸ்டஸ் ஆனால் என்ன, நீரோ ஆனால் என்ன, தலை போனாலும் பொன் போகவில்லை. அவற்றுள் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இனி வராகன் காலம்.

விஜயநகர அரசர்கள் வந்த பிறகு தென்னாட்டில் பொன் என்றால் வராகன் என்றாயிற்று. தடித்த, சின்னப் பொத்தான் அளவுக் காசு. எடை ஏறத்தாழ 3.4 கிராம். அரசு மாறும், உருவம் மாறும், இந்த எடை மட்டும் மாறவில்லை. அனுமன், உமாமகேசுவரர், கண்டபேருண்டம், பாலகிருஷ்ணன், வேங்கடவன், வராகம் என்று ஒவ்வொரு அரசரும் தமக்குப் பிடித்த உருவத்தை அடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அக்கசாலை (நாணயம் அடிக்கும் சாலை) வைத்தபோது அதுவும் இதே எடையைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் திருமாலின் அரை உருவம், மறுபக்கம் புள்ளிகள் நடுவே ஒரு நட்சத்திரம்: இதுதான் நட்சத்திர வராகன். வேங்கடவனும் இரண்டு தேவியரும் நிற்கும் மூன்று சாமி வராகனையும் கம்பெனி அடித்தது. இங்கிலாந்து மன்னன் தலையைப் போட்டிருந்தால் சந்தையில் யார் வாங்கியிருப்பார்கள்? வந்த வியாபாரிகளுக்கு ஊர் வழக்கம் தெரிந்திருந்தது.

மாற்றில்தான் சண்டை. நட்சத்திர வராகனின் தரம் 19.2 காரட், நம் கணக்கில் எட்டரை மாற்றுக்குச் சற்றுக் குறைவு. பறங்கிப்பேட்டை வராகன் அதைவிட மட்டம். ஆகவே எந்த வராகன், எந்த ஊர் அடிப்பு என்று பார்க்காமல் யாரும் கை நீட்டவில்லை. கடைவீதியில் உட்கார்ந்திருந்த சராப்புகள் ஒவ்வொன்றையும் தட்டி, உரைத்து, வட்டம் கழித்துத்தான் மாற்றிக் கொடுத்தார்கள். சென்னைக் கணக்கில் நட்சத்திர வராகன் ஒன்றுக்கு 42 பணம். பணம் ஒன்றுக்கு 80 காசு.

இந்த 3.4 கிராம் என்ற எண்ணை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரி இறுதியில் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயில் வளாகத்தில் நிலத்தைத் தோண்டியபோது ஏழடி ஆழத்தில் ஒரு பாத்திரம் கிடைத்தது. உள்ளே 505 பொற்காசுகள். 504 சிறியவை, ஒன்று பெரியது. மொத்த எடை 1.716 கிலோ. காசுகளில் அரபு எழுத்து இருப்பதாகவும், அவை கி.பி. 1000–1200 காலத்தவை என்றும் செய்தி வந்தது.

1,716 கிராமை 505-ஆல் வகுத்துப் பாருங்கள். 3.398 வருகிறது. அந்தப் பெரிய காசைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டாலும் பெரிதாக மாறாது. இது வராகனின் எடை. அரபு எழுத்தும் வராகன் எடையும் ஒரே காசில் சேர்ந்து வருவது தென்னாட்டில் எப்போது? மைசூரை ஆண்ட ஹைதர் அலி தன் வராகனில் ஒரு பக்கம் சிவனையும் பார்வதியையும் வைத்து, மறுபக்கம் தன் பெயரின் முதல் எழுத்தை அரபு லிபியில் அடித்தான். அது 18-ஆம் நூற்றாண்டு. திருவானைக்காவல் குடமும் அந்த நூற்றாண்டை ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சோழர் காலம் என்று சொல்ல எடை இடம் கொடுக்கவில்லை. காசுகளைக் கையில் வைத்து எழுத்தைப் படிப்பவர்கள்தான் முடிவு சொல்ல வேண்டும்.

புதைக்கக் காரணமும் அந்த நூற்றாண்டில் தாராளமாக இருந்தது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடக்க, நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் தீவில் முகாமிட்டிருந்தார்கள். ஸ்ரீரங்கம் கோயிலும் ஜம்புகேசுவரர் கோயிலுமே அவர்களுக்குக் கோட்டை. மதில்களுக்குள் பீரங்கியும் குதிரையும் நின்றன. 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா சரணடைந்தார். சந்தா சாகிபின் தலை போயிற்று. அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் சண்டை ஓயவில்லை. பின்னாளில் ஹைதரின் படையும் இந்தப் பக்கம் வந்து போயிற்று. கையில் ஐந்நூறு வராகன் வைத்திருந்த ஒருவர் அதை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்? மண்ணைத் தவிர அப்போது வேறு வங்கி கிடையாது. புதைத்தவர் திரும்பி வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வராகன் போன கதை சுருக்கமானது. 1818-இல் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்குத் தீர்த்தார்கள். 1835-ஆம் ஆண்டின் 17-ஆவது சட்டம், கம்பெனி ஆளும் பகுதியில் எந்தப் பொற்காசும் சட்டப்படி செல்லும் பணமல்ல என்று ஒரே வரியில் அறிவித்தது. கொடுக்கல் வாங்கலிலிருந்து பொன் வெளியேறிப் பெட்டிக்குள்ளும் கழுத்திலும் குடியேறியது.

அப்புறம் வந்தது பவுன். பிரிட்டிஷ் அரச அக்கசாலை 1817-இல் இன்றைய அளவில் அடிக்கத் தொடங்கிய சாவரின் காசு. எடை 7.988 கிராம், தரம் 22 காரட். ஒரு பக்கம் ராணி அல்லது ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரைமேல் அமர்ந்து பாம்பு போன்ற பூதத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ். அதை வரைந்து செதுக்கியவர் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர். 1899-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்று விலை வைத்து அதைச் செல்லும் பணமாக்கியது. முதல் உலகப்போரில் கடல்வழி ஆபத்தானபோது 1918-இல் பம்பாயிலேயே பவுன் அடித்தார்கள். ஏறத்தாழ 13 லட்சம் காசுகள். அதே எடையில், அதே தரத்தில், ‘15 ரூபாய்’ என்று எழுதிய மோகராவும் 21 லட்சம் அடித்தார்கள். 1920-இல் பவுனின் அரசு விலையைப் பத்து ரூபாயாகக் குறைத்தார்கள். 1927-இல் அது செல்லும் பணம் என்ற தகுதியையே இழந்தது.

சட்டம் கைவிட்டதை மக்கள் கைவிடவில்லை. காவிரிக் கரை வீடுகளில் காசு மாலை என்றால் இந்தப் பவுன்கள்தான். நூறாண்டு கழிந்தும் தமிழ்நாட்டில் பொன்னுக்கு அளவு பவுன். அதை எட்டுக் கிராம் என்று முழுமைப்படுத்திக்கொண்டோம். மலைக்கோட்டை அடிவாரத்துப் பெரிய கடை வீதியை ஒட்டிய சந்தில், இரண்டாள் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பட்டறையில் நான் பார்த்தது இது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பவுனை எடுத்து வைத்தார்.

“பத்தரே, எங்க மாமியார் மாலையில இருந்தது. அழிச்சு வளையல் பண்ணிடலாமா?”

பத்தர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு காசை ஒளிப்பக்கம் திருப்பினார். மேல் விளிம்பில் மாலைக்காகப் பற்றவைத்த வளையம். ஓரத்துக் கோடுகள் பாதி தேய்ந்து போயிருந்தன. குதிரையின் குளம்புக்குக் கீழே 1918. அந்த ஆண்டுக்கு மேலே, தரையின் நடுவில், ஊசிமுனை அளவுக்கு ஆங்கில எழுத்து ‘ஐ’.

“பம்பாய் அடிப்பும்மா இது. அழிச்சா வெறும் தங்கம். வச்சிருந்தா காசு. உங்க இஷ்டம்.”

உரைகல்லில் ஒரு இழுப்பு, பக்கத்தில் 22 காரட் ஊசியால் ஒரு இழுப்பு, இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் திராவகம். இரண்டு கோடும் ஒன்றுபோலவே நின்றன. மெழுகுருண்டையால் அந்தப் பொடியை ஒற்றி எடுத்துக்கொண்டார். அம்மாள் காசை மறுபடி முடிந்துகொண்டு எழுந்தார். தண்டவாணி பார்த்த சோழர் காலத்துப் பண்டாரியும் இதே வேலையைத்தான் செய்தான்.

சுதந்திர இந்தியா பொன்னை முதலில் நடத்திய விதம் கடுமையானது. சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு, புது நகை 14 காரட்டுக்கு மேல் போகக்கூடாது என்றது. 14 காரட்டில் தாலி செய்ய யார் வருவார்கள்? பட்டறைகள் அணைந்தன. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பின்றித் தவித்தன. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 14 காரட் விதி பின்னர் தளர்ந்தாலும், 1968-இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாகவே ஆகி, 1990 வரை நீடித்தது. கட்டித் தங்கத்தை வீட்டில் வைப்பதே குற்றமாக இருந்த காலம் அது.

அதே ஆண்டுகளில் உலகம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்கா 1967-இல் க்ரூகர்ராண்டை வெளியிட்டது. 22 காரட், ஆனால் உள்ளே சரியாக ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்தத் தங்கம். காசில் விலை எழுதவில்லை. அன்றைய தங்க விலைதான் அதன் விலை. தங்கத்தைச் சேமிக்க நினைக்கும் எளிய மனிதருக்கென்றே ஒரு நாடு அடித்த காசு அது. கனடா 1979-இல் மேப்பிள் இலையை அடித்தது, சீனா 1982-இல் பாண்டாவை, அமெரிக்கா 1986-இல் கழுகை. உள்ளிருக்கும் தங்கத்தின் எடை, ஆண்டு, நாட்டின் அடையாளம் ஆகிய மூன்றும் காசிலேயே இருக்கும். உலகின் எந்த நகரத்திலும் மறுபேச்சின்றி விற்கலாம்.

உலகில் அதிகம் தங்கம் வாங்கும் நாடுகளில் ஒன்றான இந்தியாவுக்கு அப்போது அப்படி ஒரு காசு இல்லை. நம் வங்கிகள் சுவிட்சர்லாந்தில் அடித்த காசை இறக்கி விற்றன. விற்றதைத் திரும்ப வாங்க அவற்றுக்கு அனுமதியும் கிடையாது. 2013-இல் இங்கிலாந்தின் சாவரினையே உரிமம் பெற்று மீண்டும் இந்தியாவில் அடிக்கத் தொடங்கினார்கள். 2015 பிப்ரவரி பட்ஜெட்டில் அருண் ஜெட்லி இந்தியத் தங்கக் காசை அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 5-இல் பிரதமர் மோடி அதை வெளியிட்டார். ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தியடிகள். 24 காரட், 999 தரம், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஹால்மார்க். அடித்தது அரசின் அக்கசாலைக் கழகம். விற்றது அரசு நிறுவனமான எம்எம்டிசி. முதல் தவணையாக 5 கிராம் காசு 15,000, 10 கிராம் காசு 20,000, 20 கிராம் கட்டி 3,750. பிரித்தால் தெரிந்துவிடும் உறையில் அடைத்துத் தந்தார்கள். விற்க வருபவரிடம் திரும்ப வாங்கிக்கொள்ளவும் எம்எம்டிசி ஏற்பாடு செய்தது.

காசில் குறை சொல்ல முடியாது. நேர்த்தியான அடிப்பு, நேர்மையான தரம். நம் அரசே பொறுப்பேற்று ஒரு காசைத் தந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். இருந்தும் பெரிய கடை வீதியில் அது பேச்சாகவில்லை. முதல் காரணம் எளிது. பவுன் கணக்கில் வாழும் ஊருக்கு ஐந்தும் பத்துமாகக் கொடுத்தார்கள். “பொண்ணுக்கு எத்தனை பவுன்?” என்று கேட்கும் வீட்டில் 10 கிராம் என்பது ஒன்றேகால் பவுன். சீட்டுக் கட்டிச் சேர்ப்பவர் கால், அரை, முக்கால், ஒன்று என்றுதான் சேர்ப்பார். இரண்டாவது காரணம், 999 தங்கம் மிக மென்மையானது. கழுத்தில் போட்டுப் புழங்கத் தாங்காது. உறைக்குள்ளேயே இருக்க வேண்டும். பவுனைத் துளையிட்டு மாலையாக்கி, நாலு தலைமுறை அணிந்து, பிறகு பத்தரிடம் உரைத்துப் பார்த்தும் விற்கலாம். உறைக்குள் இருக்கும் காசுக்கு அந்த வாழ்க்கை இல்லை. விஜயநகரத்தாரும் கம்பெனியாரும் பழகிய எடையைத் தொடாமல் உருவத்தை மட்டும் மாற்றினார்கள். 2015-இல் உருவத்தில் காட்டிய அக்கறையை எடையிலும் காட்டியிருக்க வேண்டும்.

தங்கத்துக்கா பஞ்சம்? தீவுக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சமயபுரம். பக்தர்கள் உண்டியலில் போடும் மூக்குத்தியும் தோடும் தாலிக்குண்டும் மலையாகக் குவியும் கோயில். பயன்படாத காணிக்கைப் பொன்னை உருக்கி வைப்பில் போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கியபோது முதல் வரிசையில் சமயபுரமும் இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் மேற்பார்வையில் கல்லும் அரக்கும் நீக்கி, மும்பை அரசு அக்கசாலையில் உருக்கி, 24 காரட் கட்டிகளாக்கி ஸ்டேட் வங்கியில் வைத்தார்கள். 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் சொன்ன கணக்குப்படி 21 கோயில்களின் பொன் 1,074 கிலோவுக்கு மேல். ஆண்டு வட்டி 17.81 கோடி ரூபாய். அதில் சமயபுரம் மாரியம்மனுடையது மட்டும் 424 கிலோவுக்கு மேல். தமிழ்நாட்டில் முதலிடம். பொன்னை முதலாக வைத்து வட்டியில் விளக்கெரித்த சோழர் காலத்து ஏற்பாட்டின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கிறேன், வரவேற்கிறேன். ஆனால் இத்தகைய நீண்ட, நடுத்தர காலத் தங்க வைப்புகளைப் புதிதாக ஏற்பதை மத்திய அரசு 2025 மார்ச் 26 முதல் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே வைத்தவை முதிர்வு வரை தொடரும்.

முதிர்ந்து திரும்பும் நாளில் அந்தப் பொன்னில் ஒரு பகுதியையாவது 22 காரட்டில், எட்டுக் கிராமிலும் நான்கு கிராமிலும், சக்கர முத்திரையோடு காசாக அடித்துத் திருச்சிக் கடைவீதியிலேயே விற்கலாம். அரசு அதைச் செய்ய வேண்டும்.

(தொடரும்)